ஆனைக்கல் ஏற்றமும் ஒன்றரை லிட்டர் என்ஜினும்

வண்டியைப் பிள்ளை என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கம்பத்தில் ஜீப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவனுக்கு இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் இல்லை. "இது எனக்குப் புள்ள மாதிரி அண்ணாச்சி" என்று கண் கலங்குவான் ஒருத்தன். அந்தப் பிள்ளைக்கு நேரத்துக்கு ஆயில் மாற்றடா என்றால் மாற்ற மாட்டான். காமயகவுண்டன்பட்டி சுருளிவேல் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. கிளட்ச் தட்டு வேண்டுமென்றால் கிளட்ச் தட்டு வேண்டும் என்பார், வாங்குவார், போவார். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

மலைக்கு ஆள் ஏற்றுவது அவர் தொழில். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது என்றாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கம்பம் மெட்டு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஏலத்தோட்டங்கள். அங்கே காய் எடுக்கவும் களை வெட்டவும் இங்கிருந்துதான் ஆள் போக வேண்டும். விடிகிற நேரத்தில் தெருமுனைக்குத் தெருமுனை ஜீப் ஹாரன் கேட்கும். பெண்கள் தூக்குச்சட்டியும் ரப்பர் பூட்ஸும் மடித்த பிளாஸ்டிக் தாளுமாக ஓடி வருவார்கள். வண்டியின் பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. அதில் ஒருவர் மடியில் ஒருவர் என்கிற மாதிரி இடித்துக்கொண்டு உட்காருவார்கள். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கி, தோட்டத்துக்குள் மண் பாதையில் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் வரை அங்கேயே கிடக்க வேண்டும். பிறகு அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். சுருளிவேல் மீசை முளைத்த நாளிலிருந்து இதைத்தான் செய்கிறார்.

அவருடைய பழைய ஜீப் இரண்டரை லிட்டர் டீசல் என்ஜின். டர்போ, சென்சார் என்று ஒரு நகாசும் கிடையாது. கிளப்பினால் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் அடைந்திருக்கும் கிளியெல்லாம் பறக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும் என்பதால் பின்னால் இருக்கும் பெண்கள் கத்தித்தான் பேசுவார்கள். முன்னால் ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் கேட்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அவருக்கோ ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

முத்துப்பேச்சியின் மாமியார் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு என்ன சொன்னாள், யார் மகள் யாரோடு உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் நின்றாள், எந்தக் கங்காணி எடை போடும்போது கட்டை விரலை வைக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். சிரிப்பு வந்தால் இருமுவார். யாருக்காவது கஷ்டம் என்று கேட்டால் அன்றைக்குப் பள்ளத்தில் இன்னும் மெதுவாக இறக்குவார். முன் சீட்டில் அவர் பக்கத்தில் ஆள் உட்காருவதில்லை. தூக்குச்சட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பெண்கள் அவரிடம் நேராகப் பேசியது "அண்ணே நிப்பாட்டுங்க" என்பதும் "அண்ணே போலாம்" என்பதும்தான். இந்த மனிதருக்கு ஒரு வாய் இருக்கிறது என்பதே அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது.

வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். மனைவி அனுசுயா இருக்கிறார், ஓசூரில் இருக்கிறார். மகள் பவானிக்கும் மருமகனுக்கும் அங்கே வேலை. முதல் பிரசவத்துக்குப் போன அனுசுயா, பிள்ளை பால் மறக்கட்டும், வந்துவிடுகிறேன் என்றார். அப்புறம், பள்ளிக்கூடம் போகட்டும், வந்துவிடுகிறேன் என்றார். அதற்குள் இரண்டாவது பிள்ளை வந்துவிட்டது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்ட்டீகளா?" என்பார் அவர். "ஆச்சு" என்பார் இவர். போனைப் பிள்ளை பிடுங்கிக்கொள்ளும், எதையோ அமுக்கும், அணைந்துவிடும். தனியாக இருக்கிற ஆம்பளைக்குச் செத்துப்போன மனைவி என்றால் ஊர் பரிதாபப்படும். உயிரோடு, சௌக்கியமாக, வேறு ஊரில் இருக்கிற மனைவி என்றால் யார் பரிதாபப்படுவார்கள்? அந்த வீட்டில் ஒரு டம்ளரை எங்கே வைத்தாலும் மறுநாளும் அது வைத்த இடத்திலேயே இருக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஃபேன் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆக, அவருக்கு மனிதச் சத்தம் என்று இருந்தது அந்த ஜீப்பில் போக வர முதுகுக்குப் பின்னால் கேட்டதுதான்.

அந்த ஜீப் போன வருடம் முடிந்துபோனது. சேஸிஸ் முழுக்கத் துரு, வெல்டிங் மேல் வெல்டிங். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வழியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மருமகன் நல்ல பையன், முன்னால் நின்று புது வண்டி எடுத்துக்கொடுத்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, தகரக் கூரை, சுற்றிலும் கண்ணாடி, பழைய ஜீப்பைவிட எடை அதிகம். ஆனால் உள்ளே இருக்கும் என்ஜினோ ஒன்றரை லிட்டர், டர்போ வைத்தது.

அவர் அதை எடுப்பதற்கு முன்னாலேயே என் கடை வாசலில் பட்டிமன்றம் நடந்தது. தவசி என்று ஒரு ஜீப்காரன், வாய்த் துடுக்குக்காரன். அவன்தான் ஆரம்பித்தான்.

"இம்புட்டுப் பெரிய ஒடம்புக்கு இத்துனூண்டு என்ஜினா? மிக்சி மோட்டார வச்சு மாவு மில்லு ஓட்டுவாகளாம். ஏண்ணே, மெட்டுல ஏறுறப்ப நாங்க பின்னாடி வந்து தள்ளணுமா?"

சுருளிவேல் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நெசமாவே இழுக்குமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சின்ன என்ஜின் என்பது சின்ன அடுப்பு. டர்போ என்பது ஊதுகுழல். ஆனால் இந்த ஊதுகுழலை ஊத வெளியே இருந்து ஆள் கிடையாது; அடுப்பிலிருந்து வெளியேறும் புகைதான் அதைச் சுற்றவைக்கிறது. அடுப்பு கனன்று எரிந்தால் காற்று வரும், காற்று வந்தால் இன்னும் எரியும். அடுப்பு மந்தித்துக் கிடந்தால் காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய பெரிய என்ஜினுக்கு ஊத வேண்டாம், கங்கிலேயே வெந்துவிடும்.

"இழுக்கும். ஒன் பழைய என்ஜின விட நல்லாவே இழுக்கும். ஆனா தூங்கவிடக் கூடாது" என்றேன். அவர் தலையாட்டினார். தலையாட்டுவது வேறு, கால் பழகியது வேறு.

புது வண்டியின் முதல் நாள் காலை எப்படி இருந்தது என்று பின்னால் ஒருநாள் சொன்னார். எல்லோரும் சந்தனம் குங்குமம் தொட்டு வைத்து, சீட்டைத் தடவிப் பார்த்து, சிரித்துக்கொண்டே ஏறினார்கள். எல்லோருக்கும் மூத்தவர் இருளம்மாள். "ஏப்பா சுருளி, வண்டி கெளம்பிருச்சா இல்லையா?" என்றார். அவ்வளவு அமைதி. ஊர் எல்லை தாண்டியதும் முத்துப்பேச்சி வழக்கம்போல உரக்க ஆரம்பித்தாள்: "நேத்து எங்க மாமியாக்காரி என்ன பண்ணுனா தெரியுமா..." அவள் குரல் கண்ணாடிக்குள் கணீரென்று நின்றது. அவளுக்கே திடுக்கென்றது. நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் சுருளிவேலின் கண் தெரிந்தது. அவள் அத்தோடு வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு மூடிய வாய்தான். அடுத்த நாள் குசுகுசுவென்று பேசினார்கள். அதற்கடுத்த வாரம் ஆளுக்கொரு போனை எடுத்து வைத்துக்கொண்டு காதில் வயரைச் சொருகிக்கொண்டார்கள். வெளிச் சத்தம் உள்ளே வரட்டும் என்று இவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார், குளிருகிறது என்று ஏற்றச் சொன்னார்கள். வண்டி நிறைய ஆள், ஆனால் அவர் ஒற்றையாக மலை ஏறினார். புது வண்டிக்கு உதிரிபாகமும் தேவைப்படாது. கோளாறு என்றால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அதனால் என் கடைக்கு வரவும் அவருக்குக் காரணம் இல்லாமல் போனது. இருந்தாலும் வந்தார். சாயங்காலம் வந்து ஒரு பல்பு வாங்குவார். இரண்டு நாள் கழித்து இன்னொரு பல்பு. "என்னப்பா, வண்டியில சீரியல் செட்டா போடப் போற?" என்று கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து போகிற வருகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஆனைக்கல் ஏற்றம் வந்து சேர்ந்தது.

அவர் ஆள் விடுகிற தோட்டத்துக்குள் கடைசியாக ஒரு செங்குத்தான வளைவு உண்டு. யானை படுத்தது போல ஒரு பாறை, அதைச் சுற்றிக்கொண்டு பாதை ஏறும். களிமண், நடுவில் தண்ணீர் அரித்த பள்ளம். எங்கள் ஊர் ஜீப்காரர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது: ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் வண்டியை ஏற்றுவது. இரண்டாவது கியரில் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். என்ஜின் தன் பாட்டுக்குக் குடுகுடுவென்று தூக்கிக்கொண்டு போகும். பின்னால் பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள், வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறவள் இருப்பாள். குலுக்காமல் தூக்க வேண்டும். டீசலும் மிச்சம். மிதித்து உறுமிக்கொண்டு ஏறுகிறவனை ஊருக்குப் புதுசு என்று கேலி பேசுவார்கள். சுருளிவேல் இதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

புது வண்டியிலும் அப்படித்தான் ஏறினார். மழை இல்லாதவரை, ஆள் குறைவாக இருந்தவரை, எப்படியோ ஏறிக்கொண்டிருந்தது. காய் எடுப்பு மும்முரமான ஒருநாள் வண்டி நிறைய ஆள். முந்தின நாள் தூறல். ஆனைக்கல்லில் பாதி ஏறியதும் பழக்கம்போலக் காலை எடுத்தார். என்ஜின் முனகியது, துடித்தது, பொசுக்கென்று அணைந்தது. என்ஜின் அணைந்தால் இந்த வண்டியில் ஸ்டீயரிங்கும் கல், பிரேக்கும் கல். வண்டி பின்னால் வழுக்கியது. அவர் எழுந்து நின்று பிரேக்கை மிதிக்க, பின் சக்கரம் பாதையோர ஓடையில் இறங்கி, பின்பக்கம் ஒரு பலாமரத்தில் போய் முட்டி நின்றது.

ஒருவருக்கும் காயமில்லை. தூக்குச்சட்டியெல்லாம் கவிழ்ந்து வண்டிக்குள் சாம்பார். பெண்கள் அலறிக்கொண்டு குதித்து இறங்கினார்கள். பின்னாலேயே வந்த தவசி தன் பழைய ஜீப்பை நிறுத்தி, எட்டிப் பார்த்து, "அண்ணே, மிக்சியில சாம்பார் அரைச்சிட்டீகளா?" என்றான். அவனை அறைய வேண்டும் போல எனக்கே இருக்கிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் சிதறின பூட்ஸுகளைப் பொறுக்கினார்.

அன்றிலிருந்து ஆனைக்கல் அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிக்கொள்வதாக முடிவு செய்தார்கள். அவர் வெறும் வண்டியை ஏற்றி மேலே நிறுத்துவார், அவர்கள் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். சில பேர் தவசி வண்டிக்கு மாறிவிடலாமா என்று பேசுவதாகவும் காதுக்கு வந்தது. மாறிவிட்டால் அவருக்கு வேறு ஆள் கிடைக்காமல் போகாது, மலைக்கு ஆளா இல்லை? ஆனால் அவருக்கு வேண்டியது இந்த ஆட்கள். முத்துப்பேச்சி மாமியாரின் கதையைப் பாதியில் விட்டுவிட்டு வேறு யார் கதையைப் புதிதாக ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்டார். கேட்டபோது சிரித்தார், ஆனால் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

அப்படி அவர்கள் நடந்த முதல் நாள், அவர் மேலே போய் நிறுத்தி என்ஜினை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கீழேயிருந்து குரல்கள் ஏறி வந்தன. வண்டியைவிட்டு இறங்கியதும் அவர்களுக்கு வாய் திறந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்க, நின்று நின்று, கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். முத்துப்பேச்சி மாமியாரை ஆரம்பித்தாள். யாரோ கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். சுருளிவேல் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். அவர்கள் வந்து ஏறிக் கதவைச் சாத்தியதும் பேச்சு நின்றுவிட்டது. பரவாயில்லை, நாளைக்கும் இந்த ஏற்றம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பகலில் தோட்டத்து உர மூட்டைகளை மேல் கொட்டகைக்கு ஏற்றித் தருகிறேன் என்று கேட்டு வாங்கி, மூட்டை அடுக்கிக்கொண்டு அதே ஆனைக்கல்லில் பழகினார். இரண்டாவது கியரை மறந்தார். அடியிலேயே, ஏற்றத்துக்கென்று தனியாக இருக்கும் லோ கியர் கம்பியைத் தள்ளி, முதல் கியரில், ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதித்து, பாதியில் காலை எடுக்காமல் ஏற்றினார். காலுக்கு அது வெட்கமாக இருந்ததாம். இவ்வளவு காலம் எடு எடு என்று பழகிய காலை, எடுக்காதே எடுக்காதே என்று சொல்லி உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஆனால் வண்டி ஏறியது. ஊதல் ஒருமுறை வந்துவிட்டால் பழைய ஜீப் திணறுகிற இடத்தில்கூட இது சர்ரென்று போனது. பெண்கள் எல்லோருடைய எடைக்கும் மேலேயே மூட்டை போட்டு ஏற்றிப் பார்த்துவிட்டார்.

இதை என்னிடம் வந்து சொன்னபோது நான் மகிழ்ந்துபோனேன். என் அடுப்புக் கணக்கு பலித்துவிட்டதே!

"பெறகென்ன? அதுககிட்டச் சொல்லு. ஏறி உக்காந்துக்கிட்டே போகட்டும்."

அவர் பல்பு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலாம் அண்ணாச்சி" என்றார். "சொன்னா அங்கன நடக்க மாட்டாகள்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "பொம்பளைகளை ஏத்தத்துல நடக்கவிட்டுட்டு மேல உக்காந்து கதை கேக்குறியா?" என்று எகிறினேன். அவர் ஒரு பல்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன பிறகு எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனால் என் மனைவி ஞானபாக்கியம் பேசுகிற பேச்சுக்கு டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறவன் நான். அந்த மனிதரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஆடி பிறந்தது, மேலே மழை பிடித்துக்கொண்டது. ஆனைக்கல் பாதை குழைந்துபோய்விட்டது. இருளம்மாளுக்கு முழங்கால் வலி. ஒருநாள் மேலே காத்திருந்தபோது கீழே பேச்சு நடுவில் அறுந்தது. வெகுநேரம் ஒரு குரலும் வரவில்லை. இவர் இறங்கி ஓடினார். பாதி ஏற்றத்தில் இருளம்மாள் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸில் ஒன்று சேற்றுக்குள். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மற்றவர்கள் தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்தபடி சுற்றி நின்றார்கள்.

"ஒண்ணுமில்லப்பா. ஒன் வண்டி என்ன பண்ணும், சின்ன என்ஜினு" என்றார் இருளம்மாள்.

அந்த அம்மா வண்டியைக் குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், வண்டிக்காகப் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை என்றார் சுருளிவேல் என்னிடம்.

மறுநாள் காலை ஆனைக்கல் அடிவாரத்தில் அவர் நிறுத்தவில்லை. லோ கியர் போட்டார், மிதித்தார். பின்னால் "அண்ணே! நிப்பாட்டுங்கண்ணே!" என்று கூச்சல். ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டாள். என்ஜின் ஒரே குரலில் பாடியது. பாறையைச் சுற்றி, பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்து எழுந்து, வண்டி மேலே வந்து நின்றது. அவர் என்ஜினை அணைத்தார்.

கதவைப் பிடித்திருந்தவள் கையை விட்டாள். பிறகு இருளம்மாள் கேட்டார்.

"எத்தன நாளா இழுக்குது இது?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை.

"மழைக்கு முன்னயிருந்து, ஆத்தா."

"பெறகு எதுக்கு எங்கள நடக்கவிட்ட?"

"நீங்க நடந்து வாரப்பப் பேசுவீக" என்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "மேல இருந்தா கேக்கும்."

முத்துப்பேச்சி முன்னால் நகர்ந்தாள். "அப்ப பழைய ஜீப்புல?"

"அதுலயும் கேக்கும்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

ஒவ்வொருத்தியும் தான் என்னென்ன பேசினோம் என்று வருடக்கணக்காகப் பின்னால் போய்த் தேடியிருப்பாள். தோட்டத்து வாசலில் இறங்கினார்கள். ஒருவரும் "போலாம்" என்றோ "வாரோம்" என்றோ சொல்லவில்லை. தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று பகல் முழுக்க அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. மற்ற ஜீப்காரர்கள் சீட்டாடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சேட்டன் கடையில் சாயா குடிக்கவும் போகவில்லை. சாயங்காலம் அவர்கள் தன் வண்டிக்கு வருவார்களா, தவசி வண்டிக்குப் போவார்களா, அது ஒன்றுதான் மனதில். போனால் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டுக்கேட்கிறவன் வண்டியில் எந்தப் பெண் ஏறுவாள்? அப்படிப் போய்விட்டால் நாளைக் காலையில் எந்தத் தெருவில் ஹாரன் அடிப்பது என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு தெருவும் ஞாபகத்துக்கு வரவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

வேலை விட்டு வந்தார்கள். தவசி வண்டியும் இவர் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முத்துப்பேச்சி தவசி ஜீப்பின் பக்கம் போய் நின்றாள். இன்னும் இருவர் அவள் பின்னால் நின்றார்கள். இருளம்மாள் நொண்டிக்கொண்டு வந்தார். சுருளிவேலின் வண்டியில் முன் கதவைத் திறந்தார். தன் கையிலிருந்த தூக்குச்சட்டியை சீட்டில் வைக்கவில்லை, கீழே காலடியில் வைத்தார். சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார்.

"காலு மடக்க முடியல. இனிமே எனக்கு இங்கனதான்" என்றார். வெளியே தலையை நீட்டி, "ஏடி பேச்சி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? மழ வருது, ஏறு!" என்றார்.

முத்துப்பேச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து ஏறினாள். எல்லோரும் ஏறினார்கள்.

செக்போஸ்ட் வரை அமைதி. அதைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் மேகம் விலகி, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. தென்னையும் நெல் வயலும் பந்தல் பந்தலாகத் திராட்சையும். இருளம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அனுசுயா எப்ப வரும்?"

இவ்வளவு நாளில் அந்த வண்டியில் அவரைப் பற்றி வந்த முதல் கேள்வி. பழைய ஜீப்பில் யாரும் இதைக் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தாலும் சத்தத்தில் பதில் சொல்லத் தோன்றியிருக்காது.

"தெரியல ஆத்தா."

"கேட்டியா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே வைத்திருந்தார். அதை அவர்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

பின்னாலிருந்து முத்துப்பேச்சியின் குரல் வந்தது. கோபம் போகாத குரல்தான். "வான்னு கூப்புட்டாத்தான வருவாக? கூப்புடாத வீட்டுக்கு எதுக்கு வருவாக?"

"அப்ப ஒத்தையிலதான் பொங்கித் திங்கிறாரா?" என்றது இன்னொரு குரல்.

"பொங்குறாரோ, கடையில வாங்குறாரோ. மூஞ்சியப் பாரு, வத்திப்போயிக் கெடக்கு."

"ஓசூருக்கே போயி மக வீட்டுல இருக்க வேண்டியதுதான?"

"போயிட்டா நம்மள யாருடி ஆனைக்கல்லுல ஏத்துறது? தவசியா?"

யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி அதட்டினாள். அனுசுயா கல்யாணமாகி வந்த புதிதில் என்ன சேலை கட்டியிருந்தார் என்று ஒருத்தி சொல்ல, அது அந்த நிறம் இல்லை என்று இன்னொருத்தி மறுத்தாள். வளைவுக்கு வளைவு பேச்சு ஏறியது. அவர் அங்கே இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி அவரைப் பற்றிப் பேசினார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. போனை ஒருத்தியும் எடுக்கவில்லை.

அன்று மாலை அவர் என் கடைக்கு வந்தபோது கடையில் வேறு ஆள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். சொல்லும்போது நடு நடுவே சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஸ்குரூ பெட்டியில் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"மூணாவது கியர் போடவே இல்ல அண்ணாச்சி. கம்பம் வரைக்கும் ரெண்டாவதுலயே வந்தேன்" என்றார். "என்னயப் பத்திப் பேசுனாக."

"சரிப்பா, அனுசுயாவக் கூப்புட்டுக் கேட்டியா?" என்றேன்.

"இனிமேத்தான். இன்னைக்கே கேட்டாகணும்." எழுந்தார். "காலையில வண்டியில ஏறுனதும் என்ன சொன்னாகன்னு அதுக கேக்கும்ல?"

அன்றைக்கு அவர் பல்பு வாங்கவில்லை.